அந்தக் கம்பெனிக்கென்று ஒரு சவுண்டு: உண்டா, இல்லையா?

கேள்வி, பிப்ரவரி 27

பழைய எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஒரு ஜோடி கைமாறி வருகிறது. எடுக்கலாமா என்று யோசனை. கேட்கிற இடமெல்லாம் ஒரே பேச்சு: "அது பிரிட்டிஷ் சவுண்டு, வார்ம் (இதமானது), குரல் அப்படியே எதிரில் நிற்கும்." அதே ஆட்கள் ஆம்ப்ளிஃபயருக்கும் இதையே சொல்கிறார்கள், இந்தக் கம்பெனி வார்ம், அந்தக் கம்பெனி பிரைட் (மேல் ஒலி பளிச்சென்று இருப்பது) என்று. ஒரு கம்பெனிக்கென்று நிஜமாகவே ஒரு சவுண்டு இருக்கிறதா, இல்லை விளம்பரத்தைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டதா?

மார்ச் 1

ஸ்பீக்கருக்கு உண்டு, ஆம்ப்ளிஃபயருக்கு இல்லை. இதுதான் என் பதில், மேலே படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நான் அதே ஸ்பீக்கருடன் 11 வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன், 15 ஓம் மின்மறுப்பு (மின்சாரத்துக்குக் காட்டும் தடை) உள்ள வகை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு கிங்ஸ்வுட் வாரனில் இருந்தது. வெளியிடத்து ஒலிபரப்புக்குப் போகும் வேனுக்குள் பெரிய மானிட்டர் (ஒலியைச் சரிபார்க்கும் ஸ்பீக்கர்) வைக்க இடமில்லை, ஹெட்ஃபோனை நம்பவும் முடியாது. அதற்காக உருவானதுதான் இந்த ஒரு அடி உயரப் பெட்டி. உள்ளே தாழ்ந்த, நடு ஒலிகளுக்கு 5 அங்குல கேஈஎஃப் பி110, மேலே உச்ச ஒலிகளுக்கு டி27 ட்வீட்டர், அதைச் சுற்றிக் கனமான ஃபெல்ட் துணி. அவர்களுடைய முதல் அளவுகோல் மனிதக் குரல். அறிவிப்பாளர் அடுத்த அறையில் பேசுவார், இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் அதே குரல் வரும், எழுந்து போய் ஆளின் வாயிலிருந்தே கேட்டுவிட்டு வந்து ஒப்பிடுவார்கள். தெரிந்த குரலை வைத்துச் சோதிப்பது போல் கடுமையான பரீட்சை கிடையாது. மூக்கடைத்த மாதிரி இருந்தாலும், பானைக்குள் இருந்து பேசுவது மாதிரி இருந்தாலும் யாருக்கும் உடனே தெரிந்துவிடும்.

பிபிசி இதைத் தானே செய்து விற்கவில்லை, லைசென்ஸ் கொடுத்தது. ராஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத், கேஈஎஃப், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர் என்று பல பெயர்ப்பலகையில் ஒரே வரைபடத்தின்படி வந்தது. அதனால் நீங்கள் கேட்கும் 'கம்பெனி சவுண்டு' இங்கே ஒரு கம்பெனியுடையதே இல்லை, ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் காது அது.

வார்ம் என்பது உண்மைதான். என் ஜோடியில் பெண் குரல் வந்தால் மேல் ஸ்தாயியில் ஒரு கூர்மைகூட இராது, வெண்ணெய் மாதிரி இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 2

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் அது உள்ளதை உள்ளபடி சொல்லும் ஸ்பீக்கர்தானே, அதற்கு எப்படி ஒரு சவுண்டு இருக்கும்" என்று ஒருவர் மடக்கினார். நியாயம். நான் சொல்லாமல் விட்டது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி பற்றி.

சுமார் 5 லிட்டர் மூடிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வர வழியில்லை. அதனால் வடிவமைத்தவர்கள் 125 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சில டெசிபல் மேடு இருக்கும்படி விட்டார்கள். அதற்குக் கீழே ஒலி சரிந்துவிடும். ஆனால் அந்த மேடு இருப்பதால் கீழேயும் ஏதோ இருக்கிறது என்று காது நம்பிவிடும். அடிப்படை ஸ்வரம் வராவிட்டாலும் அதன் மேல் ஹார்மோனிக்குகள் (அதன் மடங்குகளில் வரும் ஒலிகள்) வந்தால் மிச்சத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். நல்ல பொய், அளவாகச் சொன்ன பொய்.

மிருதங்கம் போட்டுக் கேட்டால் இது பிடிபடும். வலந்தலை துல்லியமாக, விரல் எங்கே விழுந்தது என்று காட்டுகிற மாதிரி வரும். தொப்பியில் 'கும்' என்று ஒரு அடி விழும்போது அது நிஜத்தைவிடக் கொஞ்சம் உருண்டையாக, கொஞ்சம் அவசரமாக முடியும். நேரில் கேட்டால் அந்த அடி வயிற்றில் இறங்கும், இதில் மார்போடு நின்றுவிடும். அது தெரிந்த பிறகும் எனக்குப் பிடிக்கிறது.

இன்னொன்று, இதன் உணர்திறன், அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு எழுப்பும் சத்தம், 82, 83 டெசிபல்தான். கல்யாண மண்டபம் மாதிரி அலற வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். 25 வாட்டுக்கு மேல் தாங்குவதற்குச் செய்ததும் அல்ல. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கிற ஆளுக்கானது.

மார்ச் 2, பிற்பாடு

பெயர்க்கதை ஒன்று. ஸ்பெண்டார் என்பது ஸ்பென்சர் ஹியூஸ், அவர் மனைவி டோரதி, இரண்டு பெயரின் ஒட்டு. ஹார்பெத் என்பது டட்லி ஹார்வுட், அவர் மனைவி எலிசபெத். இருவருமே பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர்கள். வரவேற்பறையில் எத்தனை பெட்டி அடுக்கினால் மனைவி பெயரைக் கம்பெனிக்கு வைக்க வேண்டிவரும் என்று என் மனைவியிடம் கேட்டேன். "பேரு வேணாம், அந்த ஒயரை எடுங்க" என்றாள்.

மார்ச் 5

பெட்டி பற்றிக் கேட்டிருந்தார்கள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

பெரும்பாலான கம்பெனிகள் பெட்டியைக் கல் மாதிரிச் செய்யப் பார்க்கும். கனத்த பலகை, உள்ளே குறுக்குச் சட்டங்கள். தட்டினால் 'டக்' என்று உயர்ந்த சத்தம் வரும், பார்த்தாலே தரம் என்று தோன்றும். ஹார்வுட் கூட்டம் நேர் எதிர்த் திசையில் போனது. மெல்லிய பிர்ச் பிளைவுட், இதில் 12 மில்லிமீட்டர், உள்பக்கம் தாரில் தோய்த்த மாதிரியான பிடுமன் அட்டை. தட்டிப் பார்த்தால் பழைய புத்தகத்தைத் தட்டுகிற மாதிரி அமுங்கிய சத்தம்.

காரணம் இதுதான். எந்தப் பெட்டியும் அதிரும், அதை ஒழிக்க முடியாது. கனமாகச் செய்தால் அதிர்வு மேலே ஏறி, குரல் இருக்கும் நடு அலைவரிசையில் வந்து உட்காரும். அங்கேதான் காது மிகக் கூர்மை. மெல்லியதாகச் செய்தால் அதிர்வு கீழே இறங்கும், அங்கே காது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. பலகை இலேசாக இருப்பதால் அந்த அட்டையாலும் அதை அடக்க முடிகிறது, கனத்த பலகையில் அதே அட்டையை ஒட்டினால் யானை முதுகில் கொசு உட்கார்ந்த கதைதான். பேச்சு முடிந்த பிறகும் பெட்டிக்குள் ஒரு வால் இழுபடுமே, அது குரல் பகுதியில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். 'குரல் எதிரில் நிற்கும்' என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த வால் இல்லாததுதான் என்பது என் எண்ணம்.

கோனும், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பும், அப்படித்தான். காகிதக் கூழில் செய்த கோன் ஒன்று போல் இன்னொன்று இராது, ஈரப்பதத்துக்கு மாறும். அதனால் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்குக்குப் போனார்கள். அது தானாகக் கொஞ்சம் 'குவாக்' என்று பேசும், அதை அடக்க மேலே ஒரு பசையைப் பூச வேண்டியிருந்தது. பிறகு ஹார்வுட் பாலிப்ரொப்பிலீனுக்குப் போய், 1977இல் ஹார்பெத்தைத் தொடங்கினார். 1986இல் கம்பெனி ஆலன் ஷா கைக்கு வந்தது, அதன் பிறகு கோன் பொருளும் மாறி ரேடியல் என்று ஒன்று வந்தது. மூன்று தலைமுறைக் கோன், இரண்டு முதலாளி. அப்படியிருந்தும் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிகிறது. பொருள் மாறினாலும் எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற பழக்கம் மாறவில்லை. சவுண்டு என்பது கோனில் இல்லை, 'இது போதும்' என்று ஒருவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்கிற கணத்தில் இருக்கிறது.

மார்ச் 5, இரவு

எதிர் உதாரணம்: யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர். 1978இல் வீட்டுக்கு என்று வந்தது, வீட்டில் எடுபடவில்லை. நடு அலைவரிசையின் மேல்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், ட்வீட்டர் குத்தும். அப்புறம் ஸ்டுடியோக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். குறை இருந்தால் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிடுமே, அதற்காக. குத்தல் தாங்காமல் ட்வீட்டருக்கு முன்னால் டிஷ்யூ காகிதம் ஒட்டியவர்கள் பலர். எந்த பிராண்டு டிஷ்யூ, எத்தனை மடிப்பு என்றுகூடச் சண்டை நடந்தது. பெயரில் உள்ள என்எஸ் என்பதற்கு நேச்சுரல் சவுண்டு என்று அர்த்தம். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8

ஆம்ப்ளிஃபயருக்கு ஏன் இல்லை என்றேன் என்று விளக்கம் கேட்டார்கள்.

குவாட் கம்பெனியின் பீட்டர் வாக்கர் வழி எனக்கு ஒத்துவரும். உள்ளே போன சிக்னல் பெரிதாகி வெளியே வர வேண்டும், வேறு எதுவும் சேரவும் கூடாது, குறையவும் கூடாது, அவ்வளவுதான் ஆம்ப்ளிஃபயரின் வேலை. அதைச் சொன்னதோடு விடாமல் சோதிக்கவும் செய்தார்கள். 1978இல் குவாட் II என்ற வால்வு ஆம்ப்ளிஃபயர், 303, 405 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள், மூன்றையும் எது ஓடுகிறது என்று சொல்லாமல் ஒரு குழுவுக்குப் போட்டுக் காட்டினார்கள். இடையில் இருபது வருஷத்துக்கும் மேலான தலைமுறை வித்தியாசம், ஒன்று கண்ணாடிக் குழாய், மற்றது சிலிக்கான். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹார்பெத்தின் ஆலன் ஷாவும் பல வருஷமாக இதையேதான் சொல்லிவருகிறார், ஒலி அளவை ஒன்றாக வைத்தால் நன்றாகச் செய்த ஆம்ப்ளிஃபயர்களைக் காதால் பிரிக்க முடியாது என்று. ஸ்பீக்கர் விற்கிறவர் அப்படித்தானே சொல்வார் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

ஆக, வார்ம் ஆம்ப்ளிஃபயர் என்பது அட்டைப் பெட்டியில் அச்சடித்த எழுத்து. முடிந்தது.

மார்ச் 12

முடியவில்லை.

மச்சான் ஒரு சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறான், நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டைத் திருப்பி ஊட்டிப் பிழையைக் குறைக்கும் உத்தி) இல்லாத ஜாதி. "மாமா, சும்மா மாட்டிப் பாருங்க" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். மாட்டினேன். முதல் நிமிஷத்திலேயே வித்தியாசம். குரல் முன்னால் வந்தது, தம்புராவின் ஜீவாளி இழை இழையாகப் பிரிந்தது, அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. நாலு நாளைக்கு முன் 'அட்டைப் பெட்டி எழுத்து' என்று எழுதிய கை கூசியது.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மல்டிமீட்டரை எடுத்தேன். வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சுமை இல்லாமல் ஓட்டக்கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அதனால் பெரிய வாட் ரெசிஸ்டர்களை வைத்து இரண்டு தடவை அளந்தேன். 16 ஓம் மாட்டினால் 1.78 வோல்ட், 8 ஓம் மாட்டினால் 1.60 வோல்ட். கணக்குப் போட்டால் அதன் வெளி மின்மறுப்பு, அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஆம்ப்ளிஃபயரே போடும் தடை, 2 ஓம் வருகிறது. என் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் இதே சோதனையில் மீட்டர் அசையக்கூட இல்லை.

இந்த 2 ஓம்தான் கதாநாயகன். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று போட்டிருந்தாலும் அது எல்லா அலைவரிசையிலும் 8 இராது. ஒரு இடத்தில் 4க்கு இறங்கும், இன்னொரு இடத்தில் 20க்கு ஏறும். அந்த மாதிரி ஸ்பீக்கரை 2 ஓம் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் 4 ஓம் இருக்கும் இடத்தில் 3.5 டெசிபல் இழப்பு, 20 ஓம் இருக்கும் இடத்தில் 0.8 டெசிபல்தான். நடுவில் 2.7 டெசிபல் வித்தியாசம், அது டோன் கன்ட்ரோலைத் திருப்புகிற மாதிரி. 0.05 ஓம் ஆம்ப்ளிஃபயரில் இதே வித்தியாசம் 0.1 டெசிபல்கூட வராது. என்னுடையது 15 ஓம் வகை என்பதால் ஆட்டம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் இருக்கும்.

ஆக 8ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். ஆம்ப்ளிஃபயருக்கும் சவுண்டு உண்டு, அதன் வெளி மின்மறுப்பு அதிகமாக இருந்தால். அதுவும் தனிச் சவுண்டு இல்லை, ஸ்பீக்கரைப் பொறுத்து வேஷம் மாறும். ஒருவர் வீட்டில் வார்ம் என்று பெயர் வாங்கியது இன்னொருவர் வீட்டில் பிரைட் ஆகும். எந்த மதிப்புரையை நம்புவது?

1985இல் ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகையிடம் சவால் விட்ட கதை இதனால்தான் எனக்கு இனிக்கிறது. விலை உயர்ந்த ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கொடுங்கள், என் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை அதே மாதிரி ஒலிக்க வைக்கிறேன் என்றார். கொடுத்தார்கள், வால்வு ஜாதி. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் கிட்டத்தட்ட 70 டெசிபல் கீழே போகும்வரை தன்னுடையதை மாற்றினார். கேட்டவர்களால் பிரிக்க முடியவில்லை. ஒரு 'சவுண்டை' நகல் எடுக்க முடிகிறது என்றால் அது மாயம் இல்லை, மின்சுற்று.

மார்ச் 13

மறுபடியும் நான்தான். நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை.

ஒலி அளவைச் சரிசமமாக வைக்காமல் கேட்டிருக்கிறேன். ஆலன் ஷா பெயரைச் சொல்லி அதே விதியை எழுதியவன் நான்! காதால் ஒன்றாக்கினேன் என்று நினைத்திருந்தேன். இன்று 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைப் போட்டு ஸ்பீக்கர் முனையில் அளந்தால் என்னுடையது 2.00, மச்சானுடையது 2.22. கிட்டத்தட்ட 0.9 டெசிபல் கூடுதல். இந்த அளவு வித்தியாசத்தைக் காது 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது, 'தெளிவு அதிகம்' என்றுதான் சொல்லும். கடையில் ஒப்பிட்டுக் காட்டுகிறவர்களுக்கு இது தெரியும்.

2.00க்கும் 2.02க்கும் உள்ளே கொண்டுவந்து மறுபடி கேட்டேன். அறை பெரிதானது போய்விட்டது. குரல் முன்னால் வந்ததும் பாதி போய்விட்டது. தம்புரா மட்டும் இன்னும் கொஞ்சம் வேறாக இருக்கிறது, மின்மறுப்புக் கணக்கு சொல்கிற அளவுக்கு. மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நீங்க அளக்கிற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு மாமா" என்கிறான்.

மார்ச் 14

நெய்ம் என்ற ஆம்ப்ளிஃபயர் கம்பெனி பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. சுருக்கமாக. ஜூலியன் வெரக்கர் சால்ஸ்பரியில் 1973இல் தொடங்கியது. அதன் ரசிகர்கள் தாளம், ஓட்டம், காலத்தில் சரியாக விழுவது என்று பேசுவார்கள், வார்ம் பிரைட் எல்லாம் அவர்கள் அகராதியில் இல்லை. சுவாரசியம் என்னவென்றால், வழக்கமாக ஆம்ப்ளிஃபயரின் வெளிவாயில் வைக்கும் சின்னச் சுருளை அவர்கள் வைக்காமல், ஸ்பீக்கர் கேபிளின் இண்டக்டன்ஸையே (சுருளுக்கு உள்ள அதே மின் குணம்) அந்த வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால்தான் கேபிள் குறைந்தது 3.5 மீட்டராவது இருக்கட்டும் என்பது. வேறு கேபிளைப் போட்டால் ஆம்ப்ளிஃபயரின் ஒரு பாகத்தையே மாற்றியதாகிறது. கேபிளுக்குச் சவுண்டு உண்டா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். இந்த ஒரு இடத்தில் உண்டு என்று சொல்லிவிட்டேன், இதோடு விடுங்கள்.

மார்ச் 19

கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்துவிட்டேன்.

இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், ஒன்று ஊரறிந்த வார்ம், மற்றது ஊரறிந்த பிரைட். கம்பெனிப் பெயர் வேண்டாம், சண்டை வரும். இரண்டையும் அளந்து ஒன்றாக்கி, முன்னால் போர்வையைத் தொங்கவிட்டு, மனைவி நாணயத்தைச் சுண்டி எது என்று முடிவு செய்து மாற்றுவதாக ஏற்பாடு. 16 தடவை. 12 சரியாக வந்தால்தான் குருட்டாம்போக்கு இல்லை என்று ஓரளவு சொல்லலாம்.

எனக்கு வந்தது 9.

முதல் நாலும் சரி, அப்போது மனசுக்குள் கட்டுரையே எழுதிவிட்டேன். ஐந்தாவதில் 'இது நிச்சயம் வார்ம்' என்று சத்தியம் செய்யும் அளவுக்கு நம்பிக்கை, அது பிரைட். அதற்கப்புறம் காது எதைச் சொன்னாலும் நம்ப முடியவில்லை. போர்வையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டேன், உடனே வார்ம் வார்மாகவும் பிரைட் பிரைட்டாகவும் கேட்டது. தெரிந்தும் கேட்டது, அதுதான் கொடுமை. ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் இதையே ஸ்பீக்கர்களை வைத்துச் செய்து காட்டினார்கள். பெட்டியைப் பார்த்துக்கொண்டு மதிப்பெண் போட்டால் ஒரு வரிசை, திரைக்குப் பின்னால் வைத்தால் வேறு வரிசை. அனுபவம் உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

பதினாறு தடவை குனிந்து நிமிர்ந்த பிறகு மனைவி இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, "எதுல போட்டாலும் நீங்க ஒரே பாட்டைத்தான் போடுறீங்க." இரண்டாவது, போகிற போக்கில்: "அந்தம்மா குரல் ஏன் வலப்பக்கமாவே வருது?"

மார்ச் 20

இரண்டாவது விஷயம் தூங்கவிடவில்லை.

மோனோவில், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியாக, ஒரு பேச்சுப் பதிவைப் போட்டேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் ஒரு ஆள் நிற்க வேண்டும். நின்றார், ஆனால் வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றார். 'ச' வருகிற இடத்திலெல்லாம் இன்னும் வலப்பக்கம் ஒரு அடி தாவினார். ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்தேன், ஆளும் இடப்பக்கம் மாறினார். அறை இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஒரு பெட்டியில்தான் கோளாறு.

மார்ச் 24

கிரில் துணியை எடுத்து, டார்ச் அடித்து, ட்வீட்டரைப் பார்த்தேன். முன்னால் உள்ள துளைத் தகடு டி27இன் தகடுதான், உள்ளே இருக்கும் டோம் அது இல்லை. நாலு வருஷத்துக்கு முன் இந்தப் பக்கம் ட்வீட்டர் கருகி ஒரு ரிப்பேர் இடத்தில் கொடுத்திருந்தேன். "அதே பாகம்தான் சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதே அளவில் வேறு எதையோ போட்டு மேலே பழைய தகட்டை ஒட்டியிருக்கிறார்கள். நான் அளக்கவில்லை, கேட்டுப் பார்த்து 'ஆகா' என்றேன்.

இப்போது மார்ச் 1 குறிப்பின் கடைசிப் பாராவுக்குப் போங்கள். 'மேல் ஸ்தாயியில் ஒரு கூர்மைகூட இராது, வெண்ணெய் மாதிரி'. பிபிசி ஆராய்ச்சிப் பிரிவின் காது என்று நான் உங்களிடம் விற்றது பாதி ஒரு தப்பான ட்வீட்டர். நாலு வருஷமாக அதற்கு நான் கம்பெனி சவுண்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

கேள்வி கேட்டவருக்கு: இன்னும் வாங்கவில்லை என்றால், மோனோவில் தெரிந்த குரலைப் போட்டு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும், அப்புறம் மற்றதை மட்டும், ஒரே இடத்தில் வைத்துக் கேளுங்கள். இரண்டின் வரிசை எண்ணும் பொருந்துகிறதா என்று பின்பக்கம் பாருங்கள், இவை ஜோடியாகப் பொருத்தி விற்கப்பட்டவை. 15 ஓமா 11 ஓமா என்றும் பாருங்கள். 1980களின் பிற்பகுதியில் கிராஸ்ஓவரையும் (தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் பிரித்து அனுப்பும் மின்சுற்று) பி110ஐயும் மாற்றி 11 ஓம் ஆக்கினார்கள், ஒன்றில் ஒன்று கலந்திருந்தால் விட்டுவிடுங்கள். பழைய ஜோடியில் நீங்கள் கேட்பது கம்பெனியின் சவுண்டு, வயசின் சவுண்டு, இடையில் ரிப்பேர் பார்த்தவரின் சவுண்டு, மூன்றும் கலந்தது.

ஏப்ரல் 3

பழைய டி27 ஒன்று கிடைத்தது, மாட்டினேன். ட்வீட்டருக்கு ட்வீட்டர் உணர்திறன் வேறுபடும் என்று தெரிந்தே கிராஸ்ஓவரில் அளவைக் கூட்டிக் குறைக்க இணைப்புப் புள்ளிகள் விட்டிருக்கிறார்கள். ஒரு ஒயரை எடுத்து அடுத்த புள்ளியில் பற்றவைத்தேன். மோனோ ஆள் நடுவுக்கு வந்துவிட்டார், 'ச' சொல்லும்போதும் அசையவில்லை.

வெண்ணெய் போய்விட்டது. பெண் குரலில் இப்போது உதடு பிரிகிற சத்தம், மூச்சு இழுக்கிற சத்தம் எல்லாம் வருகிறது. சரியானது இதுதான் என்று தெரிகிறது. முதல் இரண்டு நாள் பழையதையே மனசு தேடியது, ஒரு தடவை டிரெபிளைக் கொஞ்சம் குறைத்துக்கூடப் பார்த்தேன்.

ஏப்ரல் 6

மச்சான் அளவு மைக் கொண்டுவந்தான். கழற்றிய ட்வீட்டரை மறுபடி அதே இடத்தில் மாட்டி அளந்தோம், வேண்டுமென்றேதான். 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏறக்குறைய 4 டெசிபல் குறைவு, அதுவும் மேடு பள்ளமாக. மச்சான் கோட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, இதைத்தான் நாலு வருஷமா வர்றவங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டி பிரிட்டிஷ் சவுண்டுன்னு சொன்னீங்க" என்றான். காபி ஆறிப்போயிருந்தது. டி27ஐத் திரும்ப மாட்டுவதற்குள் சாலிடர் தீர்ந்துவிட்டது, இந்த வாரம் முழுக்க ஒரே ஸ்பீக்கர்தான்.